மழைக்குக் கழித்த அடிகள்

1

இந்த மாதத்தோடு நான் கேமரன் மலைக்கு வந்து இருபத்தேழு வருடம் நிறைகிறது. வீட்டில் யாரும் அதை நினைவு வைத்துக்கொள்ளவில்லை, நானே காலண்டரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதே வாரத்தில் எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பின் செயலாளர் லிம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தா போலே லா, மிஸ்டர் சுந்தரம்" என்றார்.

தா போலே என்றால் மலாயில் முடியாது என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய் வார்த்தையும் அதுதான். அலுவலக ஜன்னல்களில் கற்றுக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வார்த்தையைக் கேட்டால் என் கை தானாகச் சட்டைப்பையில் வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தேடுகிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருப்பவனுக்குக் கோல்ஃப் கிளப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். குன்னூரில் இருந்தவரை கோல்ஃப் என்பது எனக்கு வெலிங்டன் பக்கம் பஸ் திரும்பும்போது ஜன்னலில் தெரிந்துவிட்டுப் போகும் புல்வெளி. அதற்குள் நடக்கிறவர்கள் நம்மைப்போல் அரிசி வாங்குவார்கள் என்றுகூட நினைத்ததில்லை. ஐம்பத்தேழு வயதில் நானே அந்த மட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஒரு மைதானம் இருக்கிறது. இந்த ஆட்டமே அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். உலகத்தில் கோல்ஃப் ஆடுகிற அத்தனை பேரும் சாவதற்குள் ஒரு முறையாவது அங்கே ஆட ஆசைப்படுகிறார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. என் மகன் கதிரோடு அந்தப் பதினெட்டுக் குழிகளையும் சுற்றி நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு முழு ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரம்தான் எனக்கு வேண்டும்.

2

கதிர் இங்கேதான் பிறந்தான். தானா ராத்தாவில் பள்ளிக்கூடம், பினாங்கில் கல்லூரி, பிறகு ஸ்காட்லாந்தில் மேல்படிப்பு, அங்கேயே கடலில் காற்றாலை நடுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. நான் ஒரு கடலைத் தாண்டி வந்தேன், அவன் இரண்டாவது கடலையும் தாண்டிவிட்டான். இதில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவனுக்கு மீரா என்று ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தோம். ஈப்போக்காரப் பெண், அவனோடு படித்தவள். வாரம் ஒருமுறை என் மனைவி பரமேஸ்வரிக்கு அவளே போன் செய்வாள், ரசத்துக்கு மிளகு முதலிலா கடைசியிலா என்று கேட்பாள். போன வருடம் ஒரு மாதம் அந்தப் போன் வரவில்லை. பரமேஸ்வரி மகனிடம் கேட்டாள். "அதெல்லாம் இல்லம்மா, முடிஞ்சி போச்சி" என்றான். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. இவளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன நடந்தது, யார் மேல் தப்பு, அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் அவன் முகம் வரும். நன்றாக இருக்கிறேன் என்பான். குளிர் என்பான். அவன் கண் எங்களைத் தாண்டி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கோல்ஃப் ஆடப் போனதைச் சொன்னான். மணல் பள்ளத்தில் விழுந்த ஒரு பந்தை வெளியே எடுக்க அவன் பட்ட பாட்டைப் பத்து நிமிடம் சொன்னான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் தொடர்ந்து பத்து நிமிடம் பேசினான். கடைசியில், "நீங்க வந்தா அந்தப் பழைய மைதானத்துல ஆடலாம்பா" என்றான். வாய்வார்த்தைக்குச் சொன்னதுதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வேறு எதைப் பிடித்துக்கொண்டு நான் அவனிடம் போவது? அடுத்த வாரமே தாப்பாவிலிருந்து பழைய மட்டைகள் ஒரு பை வாங்கி வந்தேன்.

"என்னா இது, கம்பு மூட்டையா?" என்றாள் பரமேஸ்வரி. அவள் இந்த மலையிலேயே ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்கு இவ்ளோ சுசாவா? போன் போட்டுக் கேட்டா முடிஞ்சிச்சி லா."

"நீ கேளேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சுசா என்றால் சிரமம். அவளுக்கும் அது சுசாதான்.

3

ஊரில் உள்ளவர்கள் கேமரன் மலை என்றால் ஊட்டி மாதிரியா என்று கேட்பார்கள். குளிர் அப்படித்தான். மழைதான் வேறு. இங்கே மழைக்குப் பருவம் என்று தனியாக ஒன்றும் பெரிதாகக் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்கு வந்துவிடும். அதனால் ஆடுகிறவர்கள் விடியற்காலையிலேயே ஆடிவிட வேண்டும். விடியற்காலையில் பனிமூட்டம். அடித்த பந்து எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விழுந்த சத்தம் கேட்டால்தான் உண்டு.

எனக்கு அதற்கும் நேரம் கிடைப்பது அபூர்வம். நான் தொழிற்சாலைக்கு இருட்டோடு போகிறவன். முந்தின நாள் கொழுந்து தொட்டிகளில் வாடியிருக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்து, போதும், இயந்திரத்தில் போடலாம் என்று நான் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் உதவியாளனிடம் ஒப்படைத்துவிட்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். துணைக்கு ஆறுமுகண்ணன் வந்தார்.

ஆறுமுகண்ணன் எங்கள் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் இதே தோட்டத்தில் கிராணி. தாத்தா சேலம் பக்கத்திலிருந்து வந்தவர் என்பார், சேலத்தில் எங்கே என்று கேட்டால் தெரியாது. இப்போது கொழுந்து வெட்டுகிறவர்கள் நேபாளிகளும் வங்காளதேசத்தவரும்தான். அவர்கள் மொழியில் எண்கள் மட்டும் இவருக்கு அத்துப்படி. வேலையில் இருந்த காலத்தில் தராசுப் பக்கத்தில் நின்று இவர் எடையைக் கூவினால் பள்ளத்தாக்கில் கேட்கும்.

நிறுவையில் ஒரு வழக்கம் உண்டு. மழை நாளில் வெட்டிய கொழுந்தில் தண்ணீரும் சேர்ந்து நிற்கும். கூடையின் எடையோடு அந்தத் தண்ணீரின் எடையையும் கழித்துவிட்டுத்தான் கிராணி எழுதுவார். எவ்வளவு தண்ணீர் என்று அளக்கக் கருவி ஒன்றும் கிடையாது. ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், ஒரு எண் சொல்வார். தூறலுக்கு ஒரு கிலோ, மழைக்கு இரண்டு. ஆறுமுகண்ணன் சொன்ன எண்ணை யாரும் மறுத்துப் பேசியதில்லை. சாயங்காலம் நிறுவைத் தாள் என்னிடம் வரும். நான் அதைப் படித்துப் பார்த்ததே இல்லை, கையெழுத்து மட்டும் போடுவேன். அவர் எழுதினால் சரியாக இருக்கும்.

"சார், நீங்க பாம்ப அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க. அது பந்து சார், சும்மாதான் கெடக்கு" என்பார். அவர் ஆடமாட்டார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். பனியில் என் கண்ணாடி மங்கிவிடுவதால் அடிக்கணக்கை அட்டையில் எழுதுவதும் அவர்தான். அழகான கையெழுத்து.

4

அந்தப் பழைய மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் நேராகப் போய் நிற்க முடியாது. குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் சேர வேண்டுமென்றால் ஹேண்டிகேப் அட்டை வேண்டும். ஹேண்டிகேப் என்றால், இவன் எவ்வளவு மோசமாக ஆடுவான் என்று ஒரு கிளப் பொறுப்பேற்றுச் சொல்லுகிற எண். மோசமானவனுக்கும் அட்டை உண்டு, ஆனால் அவன் மோசம் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மூன்று முழு ஆட்டங்களின் அடிக்கணக்கைக் கிளப்பில் கொடுக்க வேண்டும். பந்தைக் குழிக்குள் போட எத்தனை அடி என்பதுதான் கணக்கு, குறைந்தால் நல்ல ஆட்டக்காரன். ஆடியவனும் கையெழுத்துப் போட வேண்டும், கணக்கு எழுதியவரும் போட வேண்டும்.

விசா இன்னொரு கதை. எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன். மனைவியும் மகனும் மலேசியர்கள். அவர்கள் சாதாரணமாகப் போய்வருகிற நாட்டுக்கு நான் மட்டும் கோலாலம்பூர் போய்க் கைரேகை வைத்து, வங்கிக் கணக்கைக் காட்டி, திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டும். எங்கே திரும்பி வருவேன் என்பதுதான் அங்கே வந்த குழப்பம். இந்தியனாக இருந்துகொண்டு மலேசியாவுக்குத் திரும்புவேன் என்று எழுதியதை விசா அலுவலகப் பெண் இரண்டு முறை படித்தாள். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் நான் கோல்ஃப் என்று எழுதியிருந்தேன்.

"அங்க ஒங்க மகன் இருக்காருன்னு போட்டிருக்கீங்க. அவரப் பாக்கத்தான போறீங்க?" என்றாள். கிள்ளான் பக்கத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், தமிழிலேயே கேட்டாள்.

"கோல்ஃப் ஆடத்தாம்மா. அப்படியே அவனையும் பார்ப்பேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மகனைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தால் அது எளிதாக முடிந்திருக்கும். எனக்கு ஏனோ எழுத வரவில்லை. அவனைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று அவனிடமே சொல்லாதவன் அதைப் படிவத்தில் எப்படி எழுதுவது?

விசா வந்தது. டிக்கெட் எடுத்தேன். பரமேஸ்வரிக்குப் பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். "அப்பாவும் மகனுமா நடந்துட்டு வாங்க. நான் வந்தா அவன் எம்மொகத்தப் பாத்து இன்னும் மூடிக்குவான்" என்றாள். அடுத்த வருடத் தொடக்கத்தில் கதிரின் நிறுவனம் அவனைக் கனடாவுக்கு மாற்றலாம் என்று வேறு சொல்லியிருந்தான். ஆக, இந்த முறை விட்டால் அந்த மைதானமும் இல்லை, அந்த நடையும் இல்லை.

மூன்று ஆட்டமும் ஆடினேன். ஒன்று தூறலில், ஒன்று பனியில், ஒன்று கடைசி நான்கு குழிகள் நல்ல மழையில். சொட்டச் சொட்ட நனைந்து முடித்தேன். மூன்று அட்டைகளிலும் ஆறுமுகண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவற்றைத்தான் லிம் மேசைமேல் வைத்திருந்தார்.

5

"இந்த ஸ்கோர் உங்களுடையதா?" என்று லிம் ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல மனிதர். தக்காளித் தோட்டமும் கிளப் கணக்கும் பார்த்துக்கொள்கிறவர்.

அப்போதுதான் அட்டைகளை முதன்முறையாகப் படித்தேன். ஒரு வருடமாக ஆடுகிற, பாம்படிக்கிற மாதிரி அடிக்கிற ஆள் போட்ட கணக்காக அவை இல்லை. நான் அடித்ததைவிடப் பல குழிகளில் குறைவு. ஆறாவது குழியில் நான் ஓடைக்குள் விட்ட பந்துகளை ஊரே பார்த்தது. அங்கே ஐந்து என்று அழகாக எழுதியிருந்தது.

ஆறுமுகண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினோம். மோட்டார் சைக்கிளில் வந்தார், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார். லிம் மலாயில் கேட்டார். இவர் என்னைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்.

"கழிச்சிருக்கேன் சார்."

"என்ன கழிச்சீங்க?"

"மழைக்கு. தூறலுக்கு ஒண்ணு, நல்ல மழைக்கு ரெண்டு. பனிக்கும் பாத்துக் கழிச்சேன். பந்து காணாமப் போனா அது பனியோட குத்தம், ஒங்க குத்தம் இல்லதானே சார். மழ நாள்ல மொத்தத்தயும் அப்படியே எழுதுனா நாயமா? எங்கப்பா காலத்துலேருந்து அப்படி எழுதுனதே இல்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. நாற்பது வருடம் தராசடியில் நின்று மனிதர்களின் உழைப்பிலிருந்து மழையைக் கழித்தவர். அங்கே கழித்தால் கூலி குறையும். முதன்முறையாக, கழித்தால் ஒருவனுக்கு நல்லது நடக்கிற ஒரு கணக்கு அவர் கைக்கு வந்திருக்கிறது. மனசாரக் கழித்திருக்கிறார்.

லிம்முக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கழித்ததைத் திருப்பிக் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"எப்படி சார் முடியும்? கண்ணால பாத்துக் கழிச்சது. அன்னிக்கி வானம் அன்னிக்கோட போச்சி" என்றார் ஆறுமுகண்ணன்.

தவறான அட்டை, அதில் என் கையெழுத்து. விஷயம் கிளப் கமிட்டிக்குப் போக வேண்டும், கமிட்டி அடுத்த மாதம் கூடும், அதற்குப் பிறகு மூன்று புது ஆட்டம். நான் விமானம் ஏறுவது அதற்கு முன்பே. "அடுத்த வருஷம் போங்களேன், மைதானம் எங்கேயும் ஓடிவிடாது" என்றார் லிம். மைதானம் ஓடாது. அவரிடம் கனடாவைப் பற்றி நான் என்னவென்று சொல்வது? தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

வெளியே ஆறுமுகண்ணன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றார். "தப்பு பண்ணிட்டேனா சார்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். அவர் எழுதினால் சரியாக இருக்கும் என்று இத்தனை வருடமும் சொன்னவனும் நான். "இல்லண்ணே, நீங்க சரியாத்தான் எழுதினீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

6

குன்னூரில் என் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கறி வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடப்பார். போக ஒரு மணி நேரம், வர அதைவிடக் கொஞ்சம் கூட, ஏற்றம் என்பதால். அந்த ரோட்டில் பேசுவார். பாய்லர் வெடித்த கதை, துரையிடம் திட்டு வாங்கிய கதை. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதையும் அந்த ரோட்டில்தான் என்னிடம் சொன்னார், முன்னால் பார்த்துக்கொண்டு. அவர் பயந்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மலேசியாவில் வேலை வந்தபோதும் அப்படித்தான். "நீ போ. எங்களப் பாத்துக்க ஆளிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எதிரெதிராக உட்கார்ந்திருந்தால் எங்கள் இருவராலும் அதைப் பேசி முடித்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. பக்கத்தில் நடப்பது. கதிருக்கும் எனக்கும் அப்படி ஒரு ரோடு அமையவே இல்லை. அவன் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்குத் தோட்டத்து வேனில் போனான், பிறகு பஸ், பிறகு விமானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் அவன் முகம் வந்தது. அங்கே மத்தியானம்.

"அட்டை வந்துருச்சாப்பா? அது இருந்தாத்தான் குலுக்கல்ல பேர் கொடுக்க முடியும்."

நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். சத்தம் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது. அடுப்படியில் நின்ற பரமேஸ்வரியும் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஆறுமுகம் அங்கிள் லெஜெண்ட் பா" என்றான். சிரிப்பு அடங்கியதும், "அப்ப எப்படி? ஆட முடியாதே. டிக்கெட்ட கேன்சல் பண்ண முடியுமான்னு பாருங்க. நீங்க அவ்ளோ தூரம் சும்மா எதுக்கு வரணும்?" என்றான்.

நல்ல எண்ணத்தில் கேட்டான். எனக்குச் செலவு மிச்சமாகட்டும், முதுகு வலிக்காமல் இருக்கட்டும் என்று கேட்டான். பரமேஸ்வரி என் பக்கம் வந்து, போனில் தெரியாத இடத்தில் நின்று, சொல்லுங்க லா என்று உதட்டை மட்டும் அசைத்தாள். உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். தமிழில் மிகச் சின்ன வாக்கியம். வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டமே கிடையாதாமே" என்றேன். அந்த மைதானத்தைப் பற்றி நான் படிக்காதது எதுவும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை மூடிவிடுவார்கள், ஆட்டத்துக்குத்தான். ஊர்க்காரர்கள் நாயோடும் பிள்ளைகளோடும் அதே புல்லில் நடப்பார்கள். "அன்னைக்கு அட்டை, குலுக்கல் எதுவும் வேண்டாம். யார் வேணா நடக்கலாம். நாம அன்னைக்குப் போகலாம்."

"மட்டை இல்லாமலா?"

"ஆமா. முதல் குழியிலேருந்து பதினெட்டு வரைக்கும்."

"நாலு மணி நேரம் சும்மா நடக்கறதா?"

"பேசிக்கிட்டு நடக்கலாம்."

அவன் பின்னால் சுவரில் மழைக்கோட்டு ஒன்று தொங்கியது. பிறகு கேட்டான்.

"எதப் பத்திப்பா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கி, தொழிற்சாலையில் புது பாய்லர் வந்ததைச் சொன்னேன். "ஓகே பா, வாங்க. பாக்கலாம்" என்றான். போன் அணைந்தது. பரமேஸ்வரி எனக்குச் சோறு போட்டாள்.

7

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மட்டைப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு காலை மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. லிம் பார்த்தால் கையசைப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆறுமுகண்ணனும் வருகிறார். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அவருக்கு மனசில் உறுத்தல். ஒரு நாள், என்ன பேசுவதென்றே தெரியவில்லை அண்ணே என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மீராவைப் பற்றியும் சொன்னேன். அவர் யோசித்தார்.

"பழகிக்கிட்டுப் போங்க சார். நான் கதிர் தம்பி மாதிரி நடக்குறேன். நீங்க பேசுங்க."

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்ற கிராணி என் மகனாக நடக்கிறார், நான் அவருக்கு அப்பாவாக நடக்கிறேன். கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்து, கதிரைப்போலவே நடந்தார். பிறந்ததிலிருந்து பார்த்தவர் அல்லவா.

முதல் குழியில் குளிரைப் பற்றிப் பேசினேன். "ம்" என்றார். இரண்டாவது குழியில் பாய்லர். "ஓகே பா" என்றார். மூன்றாவதில் அவன் அம்மாவின் முட்டிவலி, நான்காவதில் குன்னூர் வீட்டை அவன் சித்தப்பா விற்கப் பார்ப்பது. அதற்கும் ம் என்றார். ஒரு வார்த்தைக்கு மேல் கொடுக்கமாட்டேன் என்கிறார், அவ்வளவு சரியாகச் செய்கிறார். ஐந்தாவது குழிக்குப் போகிற ஏற்றத்தில், இங்கே கேட்டுவிட வேண்டும் என்று முந்தின இரவே நினைத்து வைத்திருந்தேன்.

"தம்பி, அந்தப் பொண்ணு" என்று ஆரம்பித்தேன்.

ஆறுமுகண்ணன் முன்னால் பார்த்தபடி நடந்தார். காத்திருந்தார். மேலே வந்து நின்றோம். அவர் என் மகன் இல்லை, எனக்குத் தெரியும். அவரிடம்கூட அடுத்த வார்த்தை வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பனி விலகிய மைதானத்தில், ஒரு கிராணியின் முன்னால் நான் அப்படியே நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கீழே பள்ளத்தில் மிச்சமிருந்த குழிகளின் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நிறுவைத் தராசடியில் நிற்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

"மிச்சத்த மழைக்குக் கழிச்சிருவோமா சார்?"

நானும் மேலே பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

"கழிச்சிருங்கண்ணே" என்றேன்.